ஹாஜறா மாமியின் ரேடியோவில் கேட்காமல் போனது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஹாஜறா மாமியிடமிருந்து எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை.

அவர் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டவள். ஏன் நிறுத்தினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். ஆட்களோடு கதைப்பதைவிட எழுதுவது எனக்கு லேசு, அதனால் கொப்பிகள் சேர்ந்துவிட்டன. இதுவரை அவற்றில் எழுதியவை எல்லாம் நானாகக் கட்டியவை. யாரும் வாசிக்கப் போவதில்லை என்ற துணிச்சலில் ஆட்களைச் சாகடித்தேன், சேர்த்து வைத்தேன், மன்னிக்க வைத்தேன். இந்தக் கதையில் அப்படிச் செய்யக் கை வரவில்லை. செய்து பார்த்தேன். பார்த்ததைக் கீழே விட்டு வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

'பள்ளிவாசலின் மேல்மாடியில், பிஸ்கட் பேணி அளவான ஒரு பெட்டிக்குள், பச்சை நிற சர்க்கிட் போட் ஒன்று உயிரோடு—'

விட்டுவிட்டேன். அந்த மாடியை நான் கண்டதே இல்லை. என் அண்ணன், சுபியான் நானா, சொன்னதை வைத்து, கண்டவள் போல எழுதப் பார்த்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

'கூடப் பிறந்தவன் எப்போது மௌத்தாவான் என்று ஒரு பெண் ரேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருந்தாள்.'

இது நல்ல வரி. இரண்டு நாட்கள் இதை வைத்துக்கொண்டு சந்தோசமாக இருந்தேன். ஆனால் பொல்லாத வரி. மாமி அந்தக் கூடப் பிறந்தவர் சாவதற்குக் காத்திருக்கவில்லை. மௌத்தான பிறகு பள்ளிவாசலிலிருந்து வர வேண்டிய ஒரு கேள்விக்குக் காத்திருந்தார். அந்த வித்தியாசத்தை நான் விளக்கி முடிப்பதற்குள் வாசிப்பவருக்கு மாமியின் மேல் வெறுப்பு வந்துவிடும். போகட்டும்.

மூன்றாவது தொடக்கம், ஹாஜறா மாமி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. இதிலிருந்தே போகிறேன். ஆனால் அதற்கு முன் எங்கள் ரேடியோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

3

சாய்ந்தமருதில் கடலோரம் இருந்த எங்கள் குடும்பங்களைச் சுனாமிக்குப் பிறகு வயல்பக்கத்து வீட்டுத் திட்டத்துக்கு மாற்றினார்கள். வீடு மாறியது, ஜமாஅத் மாறவில்லை. பழைய பள்ளிவாசல்தான் எங்கள் பள்ளி. அதன் பெயரை நான் எழுத மாட்டேன்.

வெளி ஒலிபெருக்கியில் பாங்கு மட்டும் சொல்வார்கள். பயான் என்கிற மார்க்க உரை, அறிவித்தல் எல்லாம் ரேடியோவில்தான் வரும். பள்ளிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. பெண்கள் வீட்டிலிருந்து கேட்பதற்காக வைத்தது. எங்கள் வீடுகளில் ரேடியோவை அணைக்க மாட்டார்கள். பள்ளியின் இலக்கத்தில் முள்ளை வைத்துச் சத்தத்தைக் குறைத்து விட்டுவிடுவார்கள். நாள் முழுக்க 'ஸ்...' என்று மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருக்கும். பள்ளியில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டதும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். அடங்கிய பிறகு குரல் வரும்.

தொழுகை நேரத்தில் அடங்கினால் பாங்கு. வெள்ளிக்கிழமை அடங்கினால் பயான். நேரம் கெட்ட நேரத்தில் அடங்கினால் யாரோ மௌத்து.*

அதனால் எங்கள் பெண்களுக்கு அந்த அமைதிதான் பயம். கறியில் உப்புப் போட எடுத்த கை அப்படியே நிற்கும். குரல் வரும்வரை ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள்.

* இதை ஒரு தொடக்கமாக எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பிந்திவிட்டது.

4

"சுபியான், இந்தா. இது மௌத்தாப் போய்ட்டு," என்று ஹாஜறா மாமி ரேடியோவை நானாவின் மேசையில் வைத்தார். நானா எங்கள் முன்னறையில் போன், ரேடியோ, காற்றாடி எல்லாம் திருத்துகிறான்.

"மௌத்தெண்டா மையவாடிக்குக் கொண்டு போங்க மாமி. இங்க ஏன் கொண்டாந்த?"

"வாய் மட்டும் நல்லா வேல செய்யிது உனக்கு. பயான் கேக்குதில்ல. ஒரே இரைச்சல். மௌலவி கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இரிக்கி."

நானா திறந்தான். துடைத்தான். புதுப் பற்றரி போட்டான். ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. அடுத்த நாள் வாய்க்காலோரத்து றம்ஸியா தாத்தா (மூத்த பெண்களை எங்கள் ஊரில் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்) தன் ரேடியோவோடு வந்தார். அதற்குப் பிறகு இன்னும் சிலர்.

"எல்லாரும் ஒண்டாச் சேந்து ரேடியோவத் தண்ணிக்குள்ள போட்டீங்களா?" என்றான் நானா.

"போடுறதெண்டா என்னக் கட்டின மாப்பிள்ளையப் போட்டிருப்பன். ரேடியோ என்ன பாவம் செஞ்ச?" என்றார் றம்ஸியா தாத்தா.

வீட்டுத் திட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் பழுது தங்கள் வீட்டில்தான் என்று நினைத்தார்கள். பள்ளியில் பழுது இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. நானாவுக்கும் நாலைந்து ரேடியோவைத் திறந்த பிறகுதான் தோன்றியது.

பகல் தொழுகையான லுஹர் பாங்கு நேரத்தில் பள்ளி மாடிக்கு ஏறி, டிரான்ஸ்மிட்டர் போட்டின் வெளியீட்டை அளந்து பார்த்தான். ஒரு டயோட்டும் இரண்டு சின்னச் சாமான்களும் வைத்து அதற்கென்று அவன் செய்த கம்பி ஒன்று இருக்கிறது. ஏரியல் போகும் வாயில் அதைத் தொட்டு மீட்டரைப் பார்த்தால் எத்தனை வோல்ட் வெளியே போகிறது என்று தெரியும். பதினைந்து காட்ட வேண்டிய போட் ஏழு காட்டியது. பாதிக்கும் குறைவு. பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அது போதும். வயல்பக்கம் வரும்போது செத்துவிடும்.

மேற்கொண்டு பார்க்க அவனுக்கு விடவில்லை. பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்காயர் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார்.

"பாங்கு சொல்லக்குள்ள என்ன தம்பி வயரோட விளையாட்டு? வெளிய எடுத்துப் போய்ப் பாரு!"

நானா போட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தான்.

5

இங்கேதான் பிழை நடந்தது. அவசரமாகத் தாண்டிப் போக வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

வெளியீடு குறைந்தால் கடைசி ட்ரான்சிஸ்டரைத்தான் எவரும் முதலில் சந்தேகப்படுவார்கள். நானாவும் அப்படித்தான். கல்முனையில் தேடி வாங்கிப் பழையதைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். அதற்குப் பிறகுதான் தன்னுடைய மேசையிலிருக்கும் மின் சப்ளையில் கொழுவிப் போட்டான்.

மீட்டர் பதினைந்து காட்டியது.

"பாத்தியா? சாமான்தான் பழுது," என்று என்னிடம் காட்டினான்.

(பழைய ட்ரான்சிஸ்டரோடு ஒரு தரம் போட்டுப் பார்த்திருந்தால் அதுவும் பதினைந்துதான் காட்டியிருக்கும். இது இப்போது தெரிகிறது.)

ஏரியலுக்குப் பதிலாக ஒரு தடையைத்தான் போட்டிருந்தான். என்றாலும் பக்கத்து வீடுகளுக்கு அந்த அலை போதும். எங்கள் குசினி ரேடியோவின் இரைச்சல் அடங்கியது.

"இன்னா லில்லாஹி..." என்றார் உம்மா உள்ளேயிருந்து. "ஆரு? ஆரு மௌத்து?"

நானா பதில் சொல்வதற்குள் ஹாஜறா மாமி எங்கள் வாசலில் நின்றார். முக்காடு இல்லை. செருப்பு இல்லை. கையெல்லாம் மீன் செதில்.

"அவனா?" என்றார். "அவனா கா?"

"ஒருத்தருமில்ல மாமி. நான்தான் போட்டுப் பாத்த."

மாமி படியில் குந்திவிட்டார். நான் தண்ணீர் கொண்டு வந்தேன். குடித்தார். பாதி சிந்தி முன்சீலை எல்லாம் நனைந்தது.

"நாசமாப் போவான்," என்றார். "என்ட உசிர எடுத்திட்டியேடா." பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்சீலையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியது. அதை எடுத்துவிட எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு நானாவுக்கு உம்மாவிடம் நல்ல ஏச்சு. இனி நேரம் கெட்ட நேரத்தில் அதைப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டான். போட்டைப் பள்ளியில் திரும்பப் பொருத்தியபோதும் அப்படியே செய்தான். சப்ளையிலிருந்து வரும் இரண்டு வயர் முனையையும் போட்டில் கொழுவ முன் மீட்டரால் தொட்டுப் பார்த்தான். பன்னிரண்டு வோல்ட். சரி. கொழுவினான். போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் ஊரெல்லாம் இரைச்சல் அடங்கும், ஊரெல்லாம் பெண்கள் இன்னா லில்லாஹி சொல்வார்கள், எங்கேயோ ஒருத்தி செருப்பில்லாமல் ஓடுவாள்.

மற்ற ஊர்களில் டிரான்ஸ்மிட்டர் திருத்துகிறவர்கள் போட்டுப் பார்த்துத்தான் அளப்பார்கள். எங்கள் ஊரில் நானா நிறுத்தி வைத்து அளந்தான். சுமை இல்லாதபோது பழுதான வயரும் பன்னிரண்டு என்றுதான் சொல்லும்.

பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு வந்தது. எங்கள் ரேடியோவில் இன்னும் இரைச்சல்.

"மழ ஈரம். ஏரியல் காயட்டும், ஏறிப் பாப்பம்," என்றான் நானா.

6

'அவன்' யார் என்று இன்னும் சொல்லவில்லை. மாமியின் கூடப் பிறந்த தம்பி, காலிதீன். பழைய பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. அப்போது படுக்கையில் இருந்தார். இனி எழும்ப மாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் பிறக்க முன்பு, மாமி தன்னை அடித்து வதைத்த கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டுக் காதி நீதிபதியிடம் போனார். தம்பி தனக்காகக் கதைப்பார் என்று நம்பிப் போனார். காலிதீன் எழும்பி நின்று, "எங்கட ராத்தாக்குப் பொறும இல்ல. அவர் கை நீட்டினதெண்டது பொய்," என்றார். மாமியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆள் தானாகவே வேறு கலியாணம் முடித்துப் போகும்வரை மாமி அந்த வீட்டில் இருந்தார். மாமியின் இடது கைச் சின்ன விரல் மடங்காது.

[காலிதீன் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு பக்கம் எழுதினேன். குடும்பத்துக்கு வரும் பேச்சு, பயம், இளவயது. கிழித்துவிட்டேன். எழுத எழுத நியாயம் போலவே வந்தது.]

ஒரு பாத்திரமாக ஹாஜறா மாமியில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு காலம் கோபம் தாங்குமா என்று. அவரைப் பார்த்தால் கோபக்காரர் போல இருக்காது. வட்டிலப்பம் அவித்தால் எங்கள் வீட்டுக்கு முதல் துண்டு வரும். பூனைகளை மரைக்காயர், செயலாளர் என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். ஆனால் தம்பியின் மகன் றிபாஸ் வந்த அன்று நான் மாமியின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகம் அன்றோடு போனது.

"மாமி, வாப்பா உங்களக் காண ஆசப்படுறார். ஒரு தரம் வந்துட்டுப் போங்க," என்றான் றிபாஸ். முப்பது வயது ஆள். வாசலில் நின்று, உள்ளே வராமல் கதைத்தான்.

"எனக்கு முன்னால மட்டும் மன்னிப்புக் கேக்கவா? தனியவா?"

"ஓம் மாமி."

"நாலு பேருக்கு முன்னால சொன்னதுக்கு நாலு பேருக்கு முன்னாலதான் கேக்கணும் மனே. உன்ட வாப்பாட்டப் போய்ச் சொல்லு."

"அவருக்கு எழும்ப ஏலா மாமி."

றிபாஸ் போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் நான் மாமியின் குசினியில்தான் இருந்தேன்.

"வாப்பா சொல்ற, அவர் மௌத்தானா ஜனாஸாத் தொழுகைக்கு முன்னுக்குப் பள்ளியில வெச்சு நான் கேக்கட்டாம். உங்கட பேரச் சொல்லிக் கேக்கட்டாம்."

எங்கள் வழக்கம் அது. தொழுகைக்கு முன் மகன் எழும்பி நின்று, 'எங்கட வாப்பாவால ஆருக்கும் மனக்கஷ்டம் இருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க,' என்று சபையிடம் கேட்பான். சபை மன்னித்து, 'பொருந்திட்டம்' என்று சொல்லும். பெண்கள் வீட்டில் இருந்தபடி ரேடியோவிடம் சொல்வார்கள். பொதுவாகக் கேட்பதுதான் வழக்கம். பெயர் சொல்லிக் கேட்டு நான் அறியவில்லை.

மாமி முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"ஓம்," என்றார். "அப்பிடியெண்டா நான் ரேடியோவில கேக்கன். கேட்டுட்டு இஞ்ச இருந்து சொல்றன்."

7

நானா ஏரியலைப் பார்க்க ஏறுமுன்னே, காலிதீன் ஒரு புதன்கிழமை விடிய மௌத்தானார். அசருக்குப் பிறகு அடக்கம் என்று போன் வந்தது. றம்ஸியா தாத்தா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து, "வாங்க கா, முகத்தப் பாத்துட்டு வருவம்," என்று மாமியைக் கூப்பிட்டார். "நீ போ," என்றார் மாமி. "எனக்கு இஞ்ச வேல இரிக்கி."

தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி உளூச் செய்து, வெள்ளை முக்காடு போட்டு, ரேடியோவை முக்காலியில் வைத்துப் பக்கத்தில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். எனக்குக் கதைக்கத் தெரியாது என்பதால்தான் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இரைச்சல் முழுதாக அடங்கவில்லை. பாதி தணிந்தது. பிறகு ஒரு குரல்.

"...எங்கட வாப்பா..."

இரைச்சல்.

நான் ஏரியலைப் பிடித்தேன். கையால் பிடித்தால் கொஞ்சம் தெளியும்.

"...ஆருக்கும்..." இரைச்சல். "...காலத்தில..." இரைச்சல். நீண்ட இரைச்சல். அதற்குள் குரல் இருந்தது. மேலே ஏறி இறங்கியது. சொல் பிடிபடவில்லை. மாமி ரேடியோவைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். அங்கிருந்து முற்றத்துக்குக் கொண்டு ஓடினார். நான் ஏரியலைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன். வயல் பக்கம் திருப்பினோம், பள்ளிப் பக்கம் திருப்பினோம்.

"...பொருந்தி..."

பிறகு ஒன்றும் இல்லை. தொழுகை தொடங்கியிருக்கும்.

"என்ட பேரச் சொன்னானா?" என்று மாமி என்னைக் கேட்டார். "உனக்கு இளங் காது. கேட்டதா மளே?"

'ஓம்' என்பது எவ்வளவு சின்னச் சொல்.

"விளங்கல்ல மாமி," என்றேன்.

8

யாராவது போனில் எடுத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். தொழுகைக்கு நிற்பவர்கள் போனை அணைத்துவிடுவார்கள். கேட்டுப் பார்த்தோம். எவரும் எடுத்திருக்கவில்லை.

நானாவும் பள்ளியில்தான் நின்றான். பிந்திப் போனதால் வெளியே, வீதியோரத்துக் கடைசி வரிசை. அக்கரைப்பற்று பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனதைத்தான் கேட்டான். பிறகு தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்தான். ஒருவர், "சொன்ன போலதான் இரிந்த," என்றார். ஒருவர், "வழமையாக் கேக்கிறதுதானே," என்றார். ஒருவர், "பாவம், பொடியன் அழுதிட்டான், ஒண்டும் விளங்கல்ல," என்றார்.

ஏழாம் நாள் றிபாஸ் வந்தான்.

"சொன்னன் மாமி," என்றான். "பேரச் சொல்லித்தான் கேட்ட."

மாமி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு மாமி என்னிடம் சொன்னார்:

"வல்லாஹி எண்டு சொல்லல்ல. கவனிச்சியா?"

"நீங்க சத்தியம் கேட்டிருக்கலாமே மாமி."

"பொய்யாயிருந்தா? வாப்பாவப் பறிகொடுத்த புள்ளைய ஏன் பாவத்தில தள்ளணும்?"

"அப்ப உண்மையா இருந்தா?"

"உண்மையா இருந்தா நான் இன்னும் பதில் சொல்லல்ல, அவன் மண்ணுக்குள்ள காத்திட்டு இருக்கான்." அவர் கோப்பையைக் கழுவினார். "கேக்காதவனுக்கு என்னண்டு பதில் சொல்ற? கேட்டவனுக்குச் சொல்லாமலும் என்னண்டு இருக்கிற?"

கேட்காவிட்டாலும் மன்னிக்கலாம் என்று மௌலவி சொல்வார். நானும் அதைச் சொல்ல நினைத்தேன். மாமியின் மடங்காத விரல் கோப்பைக்கு வெளியே நீட்டி நின்றது.

9

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நானா மௌலவியிடம் அனுமதி கேட்டு, பயான் நடக்கும்போதே மாடியில் மீட்டரோடு நின்றான். போனில் நான். எங்கள் குசினி ரேடியோவுக்குப் பக்கத்தில்.

"கேக்குதா?"

"இல்ல."

அவன் இந்த முறை வெளியீட்டை விட்டுவிட்டு, போட்டுக்குள் வருவதைப் பார்த்தான். போட் வேலை செய்துகொண்டிருக்கும்போது பார்த்தான். எட்டு வோல்ட். கீழே சப்ளையின் வாயில் பன்னிரண்டு. நடுவில் நாலு வோல்ட் எங்கேயோ போகிறது. வயரைத் தடவிக்கொண்டு படியால் இறங்கினான். பள்ளி திருத்த வேலையின்போது டிரான்ஸ்மிட்டரைக் கீழிருந்து மாடிக்கு மாற்றியவர்கள், வயர் போதாததற்கு ஒரு துண்டு ஸ்பீக்கர் வயரை முறுக்கித் தொடுத்திருந்தார்கள். கடற்காற்றில் முறுக்கு பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டால் சுட்டது.

நல்ல வயர் போட்டான்.

"இப்ப?"

இரைச்சல் அடங்கியது. மௌலவியின் குரல் எங்கள் குசினிக்குள் நின்று கதைப்பது போல வந்தது. அன்றைய பயான் டெங்கு நுளம்பு பற்றி. பூச்சாடித் தட்டு, யோகட் கப், பழைய டயர் என்று ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாகக் கேட்டது. ஹாஜறா மாமியின் ரேடியோவிலும் கேட்டிருக்கும். அவர் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதா புள்ள? ஏன் பேசாம இரிக்காய்?"

"கேக்குது," என்றேன்.

போனில் நானா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அந்தப் பழைய வயர்த் துண்டை அவன் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. எங்கே போட்டாய் என்று நான் கேட்கவும் இல்லை.

10

மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது: றிபாஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'என்ட மாமி ஹாஜறாக்கிட்ட, எங்கட வாப்பா கேட்டதா நான் கேக்கன்' என்கிறான். சபை அமைதியாகிறது. மாமி ரேடியோவைப் பார்த்து, 'பொருந்திட்டன்டா தம்பி' என்கிறார். எழுதும்போது அழுதேன். முடித்த பிறகு மாமி வீட்டுப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவருடைய பதிலை நான் திருடிச் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது: றிபாஸுக்கு வாய் வரவில்லை. இத்தனை பேருக்கு முன் வாப்பாவின் வெட்கத்தைத் திறக்க எந்த மகனுக்கு வரும்? பொதுவாகக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறான். பிறகு மாமியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்—

இதை முடிக்கவே இல்லை. வாப்பாவின் கண்ணை மூடிவிட்ட கையோடு மைக் பிடித்த ஆளைப் பொய்யனாக்க எனக்கு என்ன உரிமை? அவன் சத்தியம் செய்யாததற்குக் காரணம், தன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது முடிவு மிகவும் சின்னது. நானா வீட்டிலிருந்து போட்டைக் கொண்டு போன அன்றே, அதைப் போட்டு வைத்து வயரை அளக்கிறான். அவ்வளவுதான். இந்த முடிவில் ஒருவரும் மனம் மாறத் தேவையில்லை, ஒருவரும் நல்லவராகத் தேவையில்லை. ஒரு முழ வயர் மட்டும் மாறினால் போதும். இதைத்தான் அதிக முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எழுத்தில்.

11

கடைசியில் மாமியிடமே போனேன். அவர் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது யோசித்து வைத்த எல்லாம் வாசலுக்குள் போனதும் மறந்துவிட்டது.

"மாமி, நான் ஒண்டு எழுதிற."

"என்னத்த?"

"உங்களப் பத்தி."

"என்னப் பத்தி எழுத என்ன கிடக்கு? என்ட மூக்கப் பத்தியா?" சுளகைத் தட்டினார். பிறகு கை நின்றது. "அதில... அவன் கேட்டானா?"

"இன்னும் எழுதல்ல. எப்பிடி எழுதட்டும்?"

மாமி வெகுநேரம் அரிசியைக் கிளறினார். கல் எதுவும் அகப்படவில்லை. கிளறிக்கொண்டே இருந்தார்.

"கேட்டான் எண்டு எழுதாத," என்றார். "கேக்கல்ல எண்டும் எழுதாத. நான் ரேடியோக்குப் பக்கத்தில இரிந்தன் எண்டு எழுது. உளூவோட இரிந்தன். அவன் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன் எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். அத உன்ட கொப்பியில போடாத."

எழுதிவிட்டேன். போடவில்லை.

12

ஆனால் கதை அங்கே நிற்க மறுக்கிறது.

அன்று பள்ளிக்குள் எங்கள் ஊரார் மட்டும் நிற்கவில்லை. மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று காலிதீனோடு தொழில் செய்தவர்கள் வந்து தொழுதுவிட்டு, அடக்கம் முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்களை நானாவுக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. முன் வரிசையில் நின்றவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவருக்கு அது சாதாரண ஒரு ஜனாஸா. ஒரு பெண்ணின் பெயர் சொல்லப்பட்டதை ஒரு புதுமை என்று நினைத்து மறந்திருப்பார். அல்லது அப்படி ஒன்று சொல்லப்படவே இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

இந்த ஒரு கதையை மட்டும் கொப்பியிலிருந்து கிழித்து வெளியே அனுப்புவது அந்த ஒருவருக்காக. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் அவராக இருந்தால், எனக்குச் சொல்ல வேண்டாம். வீட்டுத் திட்டத்துக்கு வந்து ஹாஜறா மாமியின் வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். வீட்டில் ஆண்கள் இல்லை. முற்றத்தில் நின்று சலாம் சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். 'வல்லாஹி' என்று தொடங்கினால் நல்லது. மாமி கதவுக்குப் பின்னால் நிற்பார்.

பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். போய்விடாமல் நில்லுங்கள்.